பாத் அண்ணா

மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டைப் பக்கம் பத்துப் பேர் வேலை பார்க்கும் எந்தச் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிக்குள் போனாலும் அங்கே ஃபைலின் முகவரியை, அதாவது பாத்தை, சரிசெய்து தரும் ஒரு பாத் அண்ணா இருப்பார். "அண்ணா, ஃபைல் இருக்கு, பைத்தான் இல்லைங்குது" என்று எந்த மூலையில் குரல் கேட்டாலும் எழுந்துவிடுவார். கன்னடப் பிள்ளைகளிடம் "ஏனாய்த்து?" சேலத்துப் பையனிடம் "என்னப்பா ஆச்சு?" பிழைச் செய்தியை அவர் படிப்பதே இல்லை. நாடி பிடிக்கும் வைத்தியர் மாதிரி, மேற்கோளுக்குள் பேக்ஸ்லாஷை அடுத்து என்ன எழுத்து என்று மட்டும் பார்ப்பார்.

மைசூரு வட்டாரமே அவருக்கு இப்படித்தான் அத்துப்படி. ஊர்வாரியாக ஃபோல்டர் போட்டால் ஹுன்சூருக்கும் கே.ஆர். நகருக்கும் ஆபத்தில்லை. நஞ்சன்கூடுதான் கண்டம். பேக்ஸ்லாஷும் சின்ன 'என்'னும் சேர்ந்தால் பைத்தானுக்குப் புது வரி. ஊர் முதலெழுத்தைப் பறிகொடுத்துவிட்டு 'அஞ்சன்கூடு' என்று அடுத்த வரியில் விழும். டி.நரசிபுரத்தின் 'டி' டேப்பாகிவிடும். பந்திப்பூரோ பேக்ஸ்பேஸ். "அங்க புலி இருக்குல்ல, முன்னாடி நிக்கிற எழுத்தைச் சும்மா விடுமா?" என்பார். 2023இல் வந்த பைத்தான் 3.12 வெர்ஷன், ஹுன்சூருக்கும் ஓர் எச்சரிக்கை காட்டத் தொடங்கியதில் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

விண்டோஸில் முகவரியை அப்படியே காப்பி பண்ணி ஒட்டுகிறவர்கள்தான் அவருடைய நிரந்தர வாடிக்கை. சி டிரைவுக்கு அடுத்து வரும் 'யூசர்ஸ்' ஃபோல்டரின் பெரிய 'யு'வைப் பார்த்ததும் பைத்தான் எட்டு ஹெக்ஸ் இலக்கங்களை எதிர்பார்க்கும். வருவது 'எஸ்'. புரோகிராமில் ஒரு வரிகூட ஓடாது.

அண்ணா உடனே திருத்திக் கொடுத்துவிட மாட்டார். முதலில் தலபுராணம். 1983இல் எம்.எஸ். டாஸ் 2.0 வந்தபோதுதான் அதில் ஃபோல்டர் என்ற வசதியே வந்தது. சாதாரண ஸ்லாஷை அதற்கு முன்பே கட்டளைகளின் ஆப்ஷனுக்குக் கொடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த பேக்ஸ்லாஷ் ஃபோல்டருக்கு வந்தது. அதே பேக்ஸ்லாஷை சி மொழிக்காரர்கள் வேறு வேலைக்கு வைத்திருந்தார்கள். பைத்தான் அந்த வழியில் வந்த பிள்ளை. "ரெண்டு வீட்டுக்காரங்க பண்ணின வேலைக்கு நாம அழறோம்" என்று முடிக்கும்போது எதிரே இருப்பவரின் காபி ஆறியிருக்கும். அதற்குப் பிறகு, பேக்ஸ்லாஷை வெறும் பேக்ஸ்லாஷாகவே படி என்று பைத்தானுக்குச் சொல்ல, மேற்கோளுக்கு முன்னால் ஒரு சின்ன 'ஆர்' தட்டுவார். அரை விநாடி வேலை.

அந்த 'ஆர்' போட்டாலும் பாத் ஒற்றை பேக்ஸ்லாஷில் முடியக்கூடாது என்பதை மட்டும் யாருக்கும் சொல்வதில்லை. எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு யார் கூப்பிடுவார்கள்? எனக்கென்னவோ அது நியாயமாகத்தான் படுகிறது. அப்ரைசலில் அவருக்கு வேறு என்ன இருக்கிறது?

கோயம்புத்தூரிலிருந்து புதிதாகச் சேர்ந்த பெண் ஒருநாள் கேட்டுவிட்டாள்: "பாத்துக்குன்னே பைத்தான்ல பாத்லிப் 3.4லயே வந்துடுச்சே, அதை யூஸ் பண்ணலாமே அண்ணா?"

அண்ணா அசரவில்லை. "பண்ணலாம்மா. ஆனா அதுக்குள்ளயும் நீ பேக்ஸ்லாஷ் வெச்சு எழுதினா அதே நஞ்சன்கூடுதான்."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அவளோ பேசாமல் எல்லா பேக்ஸ்லாஷையும் சாதாரண ஸ்லாஷாக மாற்றி ஓட்டினாள். விண்டோஸ் முனகாமல் ஃபைலைத் திறந்தது.

"இங்க ஓடும். சர்வர்ல போட்டுப் பாரு, அப்ப தெரியும்" என்றார். சர்வர் லினக்ஸ். அங்கே அந்த ஸ்லாஷைத் தவிர வேறெதுவும் செல்லாது என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு "சரிண்ணா" என்றாள்.

அதற்குள் அக்கவுண்ட்ஸிலிருந்து ஆள் வந்துவிட்டது. நெட்வொர்க் டிரைவ் திறக்கவில்லையாம். ஆரம்பத்திலேயே இரண்டு பேக்ஸ்லாஷ் இருக்கிறதாம், பைத்தான் அதை ஒன்றாக்கிவிடுகிறதாம்.

"ரெண்டு இருந்தா நாலு போடணும்" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார் அண்ணா. "ஏன் நாலுன்னு சொல்றேன், உட்காருங்க. 1983ல என்ன ஆச்சுன்னா..."