ஜன்னலைச் சாத்தியும் சத்தமா?

ஜன்னலுக்குக் கனமான திரை போட்டும் ரயில் ஹாரன் தலைமாட்டில் வந்து அலறுகிறதே? – வாசகி, அரக்கோணம்

காற்று நுழையும் இடுக்கில் சத்தத்திடம் மட்டும் டிக்கெட் கேட்க முடியுமா?

திரை, அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் கொஞ்சம் உறிஞ்சும். ஜன்னல் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு இடுக்கு இருந்தாலே போதும்; மற்ற இடத்தில் எவ்வளவு கனத்த கண்ணாடி இருந்தாலும் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, வெளியிலிருந்து ஒருவரை டார்ச் அடிக்கச் சொன்னால், பழைய மரச்சட்டத்தில் வெளிச்சம் கசியும் இடமெல்லாம் தெரிந்துவிடும். அங்கே ரப்பர் பட்டை ஒட்டுவதுதான் முதல் வேலை. செலவும் குறைவு.

இரட்டைக் கண்ணாடி போட்டால் இங்குள்ள ராஜாளி கடற்படைத் தளத்து விமானச் சத்தமும் அடங்குமா? – அதே வாசகி

நடுவில் எவ்வளவு இடம் விடுவார்கள் என்று கடைக்காரரிடம் கேட்டீர்களா?

வெயிலுக்காக விற்கும் இரட்டைக் கண்ணாடியில் பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டர்தான். சத்தத்துக்குப் பத்து சென்டிமீட்டராவது வேண்டும். பழைய ஜன்னலை அப்படியே விட்டு, உள்பக்கம் வேறு தடிமனில் இன்னொரு கண்ணாடி ஜன்னல் பொருத்துவது நல்ல வழி. ஹாரனின் கூர்மை நன்றாகவே மழுங்கும். என்ஜினின் தாழ்ந்த உறுமல் பிடிவாதமானது, கொஞ்சம் உள்ளே வரத்தான் செய்யும்.

1992-இல் தொடங்கிய அந்தக் கடற்படைத் தளத்தில் 2017 மார்ச் வரை பறந்த டியு-142 விமானத்துக்கு நான்கு என்ஜின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு புரொப்பல்லர். அந்த இரைச்சலைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் ஊரில் உண்டு. ஆனால், குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல்தான் வரம்பு என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்.