ஆச்சி கொடுத்த அவுரி

எங்கள் வீட்டில் பேதிக்குக் கொடுக்கும் நாளை ஆச்சிதான் குறிப்பாள். சனிக்கிழமை ராத்திரி கஷாயம், ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன் வேலை. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போய்விடலாம். பிள்ளைகள் ஐந்து பேரையும் அடுக்களை வாசலில் வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கொரு தம்ளர் நீட்டுவாள்.

"ஏலே, மூக்கைப் பிடிச்சிட்டு மடக்குன்னு குடிச்சிரு. இன்னும் நாலு மாசத்துக்கு ஆச்சி உன்னக் கூப்பிட மாட்டேன்."

1970-களின் தொடக்கம். ஸ்ரீவைகுண்டம் பக்கம், தாமிரவருணிக் கரையில் எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால், அதைத் தாண்டினால் நெல்லும் வாழையும். ஆச்சியின் மருந்து அந்த மண்ணில் விளையாது. வேரில் தண்ணீர் நின்றால் செத்துவிடும் செடி அது. சாத்தான்குளம் பக்கம் மாமாவின் செம்மண் காட்டிலிருந்து வருஷத்துக்கு ஒரு துணிப்பை நிறைய வரும். ஏட்டில் அதன் பெயர் நிலாவாரை. எங்கள் பக்கத்தில் அவுரி என்போம். நீலச்சாயம் எடுக்கிற அவுரி வேறு செடி. இரண்டுக்கும் எப்படியோ ஒரே பெயர் ஒட்டிக்கொண்டது. ஆவாரைக்கு இது நெருங்கிய உறவு, பூவும் அதே மஞ்சள்.

ஐப்பசி மழையை நம்பி மாமா விதைப்பார். மார்கழியில் நாங்கள் போகும்போது இடுப்பளவு வளர்ந்திருக்கும். வெள்ளாடு வாய் வைக்காது என்பதால் வேலி கிடையாது. பூங்கொத்து தலை காட்டினால் கிள்ளிவிடுவார்கள், இலை பெருக வேண்டுமென்று. அந்தக் கிள்ளிய பூக்களைத்தான் நாங்கள் வைத்து விளையாடுவோம். பறித்த இலையை அத்தை களத்து வெயிலில் போடவே மாட்டாள். கொட்டகைக்குள் மெல்லிசாகப் பரப்பி, நாளுக்கு இரண்டு தடவை கையால் கிளறிவிடுவாள்.

"நெழல்லதான் காயணும் மக்கா. பச்சை வெளுத்துட்டுன்னா தூத்துக்குடிக்காரன் வெலையில கைய வச்சிருவான்."

தூத்துக்குடிக்காரர் என்பது ஏற்றுமதி வியாபாரி. இலையும் தட்டையான காயும் அவர் கிட்டங்கியில் மூட்டையாகி, கப்பலேறி, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போயின. எந்தப் பெயரில் போயின என்பது மாமாவுக்குக் கடைசிவரை தெரியாது. எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. 'டின்னவெல்லி சென்னா'. திருநெல்வேலியை வெள்ளைக்காரர்கள் அப்படித்தான் எழுதினார்கள். பிரிட்டிஷ் மருந்து நூலில் நெடுங்காலம் இதே பெயரில் தனித் தலைப்பு இருந்தது. செடியின் பூர்வீகம் அரபு நாடும் ஆப்பிரிக்கக் கரையும். 19-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஹ்யூஸ் என்ற ஆங்கிலேயர் திருநெல்வேலிச் சீமையில் இதைப் பயிரிட்டு லண்டனுக்கு அனுப்ப, எகிப்து வழியாக வந்த அலெக்சாண்டிரியா இலைக்கு அங்கே போட்டி வந்தது. 1986-இல் மாவட்டம் பிரிந்து மாமாவின் காடு தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டது. இலையின் பெயரில் மட்டும் திருநெல்வேலி அப்படியே இருக்கிறது.

ஆச்சியின் அளவு மூன்று விரலால் அள்ளுகிற இலை. பெரியவர்களுக்கு இரண்டு அள்ளு. அதோடு தட்டிய சுக்கு, ஒரு சிட்டிகை சோம்பு, காய்ந்த ரோஜா மொக்கு. இலையை மட்டும் தனியாகக் கொடுத்தால் வயிறு முறுக்கிப் பிடிக்கும், சுக்கும் சோம்பும் அதற்குத்தான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரசஞ்சோறு, சாயங்காலம் மோர்ச்சோறு, வெயிலில் ஓடக்கூடாது. அந்த மாதம் யாராவது காய்ச்சலில் படுத்து எழுந்திருந்தால் அவனுக்குக் கிடையாது. வயிற்றில் பிள்ளையோடு இருந்த சித்திக்கும் கிடையாது. இவ்வளவையும் ஆச்சி யாரிடமும் படிக்கவில்லை. பாளையங்கோட்டையில் 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த நண்பர் ஒருவர், நாலு மாதத்துக்கு ஒரு தடவை பேதி என்பது தேரையர் என்ற சித்தர் சொன்ன கணக்கு என்று பிற்காலத்தில் எனக்கு விளக்கினார். வருஷத்துக்கு மூன்றே தடவை.

ராத்திரி குடித்தது காலையில் வேலை செய்ததற்கும் காரணம் உண்டு. 1941-இல் ஆர்தர் ஸ்டோல் என்ற சுவிஸ் வேதியியலாளரும் அவர் கூட்டாளிகளும் இந்த இலையிலிருந்து சென்னோசைடுகளைப் பிரித்தெடுத்தார்கள். அவை சிறுகுடலில் அப்படியே கடந்து போய்விடும். பெருங்குடலை அடைந்த பிறகு அங்குள்ள பாக்டீரியாக்கள் உடைத்தால்தான் அவற்றுக்கு வேகம் வரும். அதற்கு ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகும்.

இது முக்கியம். ஏனென்றால் சென்னையில் என் மகள் வீட்டு அடுக்களையில் போன வருஷம் ஒரு பாக்கெட் பார்த்தேன். இளஞ்சிவப்பு அட்டை, மெலிந்த இடுப்புள்ள ஒரு பெண்ணின் படம், 'டீடாக்ஸ் டீ' என்று பெரிய எழுத்து. ஐந்து மாதமாக ராத்திரிதோறும் ஒரு பை வென்னீரில் போட்டுக் குடித்திருக்கிறாள்.

"கெமிக்கல் எதுவும் இல்லப்பா, எல்லாம் ஹெர்பல்தான். வெயிட் குறையுது."

திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் முதல் பெயரே சென்னா இலை. என் ஆச்சி நாலு மாதத்துக்கு ஒரு தடவை, அதுவும் ஆள் பார்த்துக் கொடுத்ததை, அவளுடைய கொள்ளுப்பேத்தி நாள் தவறாமல் குடித்துக்கொண்டிருந்தாள். ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, படியேறினால் தள்ளாடுகிறது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரத்தம் பரிசோதித்ததில் பொட்டாசியம் குறைந்திருந்தது. மருத்துவர் தேநீரை அன்றே நிறுத்தச் சொன்னார். குறைந்த எடை கொழுப்பு இல்லை. சாப்பாட்டின் சத்தைச் சிறுகுடல் எடுத்துக்கொண்ட பிறகுதான் இந்த இலை வேலையைத் தொடங்குகிறது. வெளியே போவது தண்ணீரும் உப்பும். வருஷக்கணக்கில் குடிப்பவர்களின் பெருங்குடல் உட்சுவர் கறுத்துப்போவதும் உண்டு.

நான் இலையைக் குறை சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சென்னா இருக்கிறது. வலிக்கு மார்ஃபின் எடுத்து மலம் இறுகிப்போன புற்றுநோயாளிக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று என் அக்காவின் கடைசி மாதங்களில் கண்ணால் பார்த்தேன். நம் காட்டு இலை அங்கே நிற்பதில் எனக்குப் பெருமைதான்.

அந்தப் பாக்கெட்டை ஊருக்கு எடுத்துப் போனேன். மாமா மகன் இன்னும் அரைக் காட்டில் அவுரி போடுகிறான், மீதியில் வீட்டுமனைக் கல் நட்டாகிவிட்டது. ஒரு பையைக் கிழித்து உள்ளங்கையில் கொட்டி முகர்ந்தான்.

"நம்ம எலதான், அத்தான். ஆனா பச்சை போயிட்டு. இத எங்கம்மா களத்த விட்டே அனுப்ப மாட்டா."

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் இப்படி ஒரு மெலிவுத் தேநீர் இருந்தால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். சென்னா, நிலாவாரை, அவுரி என்று எந்தப் பெயரில் இருந்தாலும், மருத்துவரைக் கேட்காமல் ஒரு வாரத்துக்கு மேல் குடிக்காதீர்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்கள் கேட்காமல் தொடவே வேண்டாம்.