முற்றும் போடத் தெரியாதவர்

தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு கேப்டன் டைகரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. உடைந்த மூக்கு, சவரக்கத்தி பார்க்காத முகம், சீட்டாட்டத்தில் தில்லுமுல்லு, மேலதிகாரி எதைச் சொன்னாலும் அதற்கு நேர் எதிராகச் செய்யும் நல்ல குணம். சிவகாசி லயன்-முத்து காமிக்ஸின் புண்ணியத்தில் ‘தங்கக் கல்லறை’, ‘மின்னும் மரணம்’ என்று படித்துப் படித்து, தாமிரபரணி எங்கே உற்பத்தியாகிறது என்று தெரியாத பையன்களுக்கும் அரிசோனாவில் எந்தப் பாறைக்குப் பின்னால் அபாச்சே ஒளிந்திருப்பான் என்பது தெரிந்திருந்தது.

பிரெஞ்சு மூலத்தில் இந்த ஆள் வெறும் லெப்டினன்ட். பெயர் ப்ளூபெர்ரி. அதாவது, ஜாம் செய்கிற ஒரு பழம். சிவகாசி ஒரே மூச்சில் லெப்டினன்ட்டைக் கேப்டனாக்கி, பழத்தை எடுத்துவிட்டுப் புலியைப் போட்டது. சிபாரிசுக் கடிதம் இல்லாமல் நம் மண்ணில் யாருக்காவது பதவி உயர்வு கிடைத்தது என்றால் அது இவருக்குத்தான்.

அந்தப் படங்களின் மூலையில் ‘ஜிர்’ என்றொரு குட்டிக் கையெழுத்து இருக்கும். கதை எந்தக் கட்டத்தில் துப்பாக்கியை உருவுகிறது என்று பார்க்கிற அவசரத்தில் அதை யார் கவனித்தார்கள்? கவனிக்காததால் நமக்குத் தப்பியது என்னவென்றால், குதிரையையும் புழுதியையும் வரைந்த அதே கை, வேறொரு கையெழுத்தில் உலகத்தின் விஞ்ஞானக் கற்பனையை ஓசைப்படாமல் மாற்றி வரைந்துகொண்டிருந்தது.

ழான் ஜிரோ 1938 மே 8 அன்று பாரிஸை ஒட்டிய நொழான்-சூர்-மார்னில் பிறந்தார். மூன்று வயதுவாக்கில் அப்பாவும் அம்மாவும் பிரிந்தார்கள். பையன் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தான். 16 வயதில் பாரிஸில் ஓர் ஓவியப் பள்ளியில் சேர்ந்தான். வகுப்பில் கூட இருந்தவன் ழான்-க்ளோத் மெஸியேர். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், 40 வருடம் கழித்து ஒரு டாக்ஸியோடு திரும்பி வருவான்.

அம்மா மெக்சிகோக்காரர் ஒருவரை மணந்துகொண்டு அங்கே போயிருந்தார். மகன் பார்க்கப் போனான். போனவன் பல மாதம் திரும்பவில்லை. படிப்பு கோவிந்தா. அங்கே அவன் கண்டது ஒரு பாலைவனம். காலி நிலம், காலி வானம், நடுவில் ஒரு கோடு. வாழ்நாள் முழுக்க ஒருவரைப் பிடித்து ஆட்டிவைக்க அது போதுமானதாக இருந்தது.

சோம்பேறி ஓவியனுக்குப் பாலைவனம் போல வசதியான இடம் கிடையாதே என்று ஓர் எண்ணம் எழலாம். ஒரு கோடு கிழித்தால் பின்னணி தயார், கடையைக் கட்டலாம். ஜிரோ அந்தக் காலி இடத்தில் ஒவ்வொரு கூழாங்கல்லுக்கும் தனித்தனியாக நிழல் போட்ட ஆசாமி. அவருடைய சோம்பல் வேறு துறையைச் சேர்ந்தது. கதையை முடிப்பது என்ற துறை.

ராணுவச் சேவை என்ற பெயரில் அல்ஜீரியாவுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் மணல். திரும்பி வந்ததும் ஜிஜே என்ற பெரிய கௌபாய்த் தொடர் ஓவியரிடம் எடுபிடியாகச் சேர்ந்து 1961-ல் ஜெர்ரி ஸ்ப்ரிங் கதை ஒன்றுக்கு மை போட்டார். இரண்டே வருடத்தில் எழுத்தாளர் ழான்-மிஷேல் ஷார்லியே ஆளைப் பிடித்தார். 1963 அக்டோபர் 31 தேதியிட்ட ‘பிலோத்’ வார இதழில் ப்ளூபெர்ரி குதிரையேறினார். முகம் நடிகர் ழான்-போல் பெல்மோண்டோவிடம் இரவல் வாங்கியது. ஷார்லியே ஒரே சமயத்தில் நாலைந்து தொடர் எழுதித் தள்ளுகிறவர். அவருடைய பாத்திரங்கள் சுடுவதை விடப் பேசுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்வார்கள். பேச்சுப் பலூன்களுக்கு மிஞ்சின இடத்தில் ஜிரோ குதிரைகளை நுழைத்தார்.

தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆளுக்கு மறுபடி மெக்சிகோ ஞாபகம் வந்துவிட்டது. கிளம்பிவிட்டார். ப்ளூபெர்ரி பாதி வழியில் நிற்கிறான். பழைய குருநாதர் ஜிஜே வந்து சீடனின் பக்கங்களை வரைந்துகொடுத்தார். சிஷ்யன் வீட்டுப்பாடத்தை குரு எழுதிக்கொடுத்த ஒரே குருகுலம் இதுவாகத்தான் இருக்கும்.

ப்ளூபெர்ரி பிறந்த அதே 1963-ல் ‘ஹராகிரி’ என்ற விஷமப் பத்திரிகைக்குச் சில துணுக்குப் படங்கள் போட்டார். கீழே மோபியஸ் என்று கையெழுத்து. 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் கணித மேதை ஒருவரின் பெயர் அது. பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கி பக்கிளில் மாட்டிவிட்டால் உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று தெரியாமல் போகுமே, அந்தச் சங்கடத்தைக் கணிதமாக்கியவர். அந்தப் பட்டையின் மேல் ஓர் எறும்பை விட்டால் எந்த விளிம்பையும் தாண்டாமல் இரண்டு பக்கமும் போய்வந்துவிடும். ஜிரோ அந்த எறும்பு. ஜிர் தூரிகையில் வரைவார், மோபியஸ் பேனாவில். ஜிர் சம்பளம் வாங்குவார், மோபியஸ் செலவழிப்பார்.

மோபியஸ் ஒரு பத்து வருடம் தூங்கினார். 1973-ல் ஜிர் பெயரிலேயே ‘திசைமாற்றம்’ என்று ஏழு பக்கக் கதை ஒன்று வந்தது. ஓவியரும் மனைவியும் மகளும் காரில் விடுமுறைக்குப் போகிறார்கள், வழியில் சாலை வேலை, மாற்றுப் பாதையில் திரும்புகிறார்கள், அப்புறம் உலகமே கழன்றுவிடுகிறது. ஜிரோவும் அதன் பிறகு நேர்வழிக்குத் திரும்பவில்லை. அடுத்த வருடம் விறைப்பு அடங்காத ஒருவனின் விண்வெளி அனுபவங்களைப் புத்தகமாகப் போட்டார். அவன் கிரகத்தில் அது சட்டவிரோதம். இதற்கு மேல் குடும்பப் பத்திரிகையில் சொல்ல இயலாது.

1974 டிசம்பரில் நாலு பேர் கூட்டுச் சேர்ந்தார்கள். ஜிரோ, பிலிப் ட்ருயே, ழான்-பியேர் தியோனே, கணக்குப் பார்க்க பெர்னார் ஃபர்காஸ். மூன்று கனவுக்காரர்கள் நடுவே ஒரு கணக்குப்பிள்ளை. அந்த நாலாவது மனிதரை நினைத்தால்தான் எனக்கு இன்றும் பாவமாக இருக்கிறது. பத்திரிகைக்கு ‘மெத்தால் உர்லான்’ என்று பெயர் வைத்தார்கள்: ஊளையிடும் உலோகம். இரண்டு வருடம் கழித்து, 1977-ல், அமெரிக்கர்கள் இதைப் பார்த்து ‘ஹெவி மெட்டல்’ தொடங்கினார்கள்.

அந்தப் பத்திரிகையில் ஆர்ஸாக் பறந்தான். கூம்புத் தொப்பி, கல் போன்ற முகம், சவாரி செய்ய வெள்ளையாக ஒரு பழங்காலப் பறவை. ஒரு வார்த்தை கிடையாது. ஷார்லியேயின் பலூன்களுக்கு நடுவில் பத்து வருடம் மூச்சுத் திணறியவர் பழி தீர்த்துக்கொண்ட விதம் அது. வார்த்தையே இல்லாத கதையில் தலைப்பு ஒன்றுதான் எழுத்து. அதையும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எழுத்துக்கூட்டலில் எழுதினார். ஓர் இதழில் ஆர்ஸாக், அடுத்த இதழில் ஹார்ஸாக். ரேஷன் கார்டில் பெயர் திருத்தப் போனவனின் கதி.

கதை என்றால் வீடு மாதிரி வாசலும் ஜன்னலும் இருந்தே ஆகவேண்டுமா, யானை வடிவில் ஒரு கதை இருக்கக்கூடாதா, கோதுமை வயல் வடிவில், தீக்குச்சிச் சுடர் வடிவில் என்று அந்தப் பத்திரிகையிலேயே கேட்டார். பிரமாதமான கேள்வி. இதே கேள்வியை நம் உதவி ஆசிரியர் எவராவது ஆசிரியரிடம் கேட்டிருந்தால், யானையை அப்புறம் பார்க்கலாம், பக்கம் எங்கே என்றிருப்பார்.

பக்கம் எங்கே என்று தியோனேயும் கேட்டார். 1976-ல் வேடிக்கைக்காக இரண்டு பக்கம் வரைந்து கொடுத்திருந்தார் மோபியஸ். தொடரும் எண்ணமே கிடையாது. தியோனேவோ அடுத்த பகுதி வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார். போன தடவை என்ன நடந்தது என்பது ஓவியருக்கே சரியாக ஞாபகம் இல்லை. கையில் வந்ததை வரைந்தார். அடுத்த மாதம் அதை எப்படி விளக்குவது என்று தெரியாமல் இன்னொரு புதிர். இப்படியே 1979 வரை. இதுதான் ‘காற்றுப்புகாத காரேஜ்’. மேஜர் க்ரூபெர் என்ற தொப்பிக்காரர் ஒரு குட்டிக்கோளுக்குள் அடுக்கடுக்காகச் சில உலகங்களை வைத்திருக்கிறார். அங்கே ஜெர்ரி கார்னீலியஸ் என்று ஒருவன் நுழைகிறான். அவன் ஆங்கில எழுத்தாளர் மைக்கேல் மூர்காக்கின் கதாபாத்திரம். இரவல் ஆளை எவ்வளவு நாள் வீட்டில் வைத்துக்கொள்வது? பிற்பாடு அவன் பெயர் லூயிஸ் கார்னீலியன் ஆகிவிட்டது. ஒரு பக்கத்தில் நுணுக்கம், அடுத்த பக்கத்தில் கிறுக்கல். நம் வாராந்தரிகளில் இரவோடிரவாக அத்தியாயம் எழுதி அச்சுக்கூடத்துக்கு ஓடிய தொடர்கதைக்காரர்கள் இதைப் பார்த்திருந்தால் கண்ணீர் விட்டு ஜிரோவைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கும் இவருக்கும் ஒரே வித்தியாசம்: அவர்கள் மறந்ததை மறைப்பார்கள், இவர் மறதியையே முதலாக வைத்துத் தொழில் நடத்தினார். என்னைக் கேட்டால் மோபியஸின் ஆகச்சிறந்த புத்தகம் இதுதான். என்ன கதை என்று மட்டும் கேட்காதீர்கள்.

இதற்கு நடுவில் சினிமா. 1975-ல் சிலி நாட்டுக்காரர் அலெஹாந்த்ரோ ஜோடரோவ்ஸ்கி ‘ட்யூன்’ நாவலைப் படமாக்கப் புறப்பட்டார். அவர் குதித்துக் குதித்துக் காட்சிகளை நடித்துக் காட்ட, மோபியஸ் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தார். சுமார் 3,000 படங்கள். சக்கரவர்த்தி வேடத்துக்கு சால்வடோர் டாலி மணிக்கு 1,00,000 டாலர் கேட்டார். ஆர்சன் வெல்ஸுக்கு அவருக்குப் பிடித்த ஓட்டலின் சமையல்காரரையே படப்பிடிப்புக்குக் கொண்டுவருவதாக வாக்களித்துச் சம்மதிக்க வைத்தார்கள். ஹாலிவுட் அந்தக் கனத்த படப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுத்துப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டது. படம் எடுக்கப்படவில்லை.

எடுக்காத அந்தப் படம்தான் பல படங்களுக்குத் தாய்வீடு. ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் செய்ய வந்து வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த டான் ஓபானன், பொழுது போகாமல் மோபியஸுக்கு ஒரு துப்பறியும் கதை எழுதிக் கொடுத்தார்: ‘தி லாங் டுமாரோ’. தரை தெரியாத ஆழத்துக்கு அடுக்கடுக்காக இறங்கும் நகரம், கசங்கிய கோட்டில் ஒரு துப்பறிவாளன். ‘ப்ளேட் ரன்னர்’ பார்த்தவர்களுக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். ஊருக்குத் திரும்பிய ஓபானன் எழுதியது ‘ஏலியன்’. அதற்கும் மோபியஸைக் கூப்பிட்டார்கள். சில நாட்கள் மட்டுமே வேலை பார்த்து விண்வெளி உடைகளை வரைந்து கொடுத்துவிட்டு எழுந்து போனார். ‘ஏலியன்’ இயக்குநர் ரிட்லி ஸ்காட் மறுபடி ‘ப்ளேட் ரன்னர்’ செய்யக் கூப்பிட்டபோது, இல்லை, பிரான்சில் ஒரு கார்ட்டூன் படம் இருக்கிறது என்று மறுத்துவிட்டார். பிற்பாடு அதற்காக வருந்தினார். வருந்தட்டும். அவர் போகாமலே அந்தப் படம் அவர் வரைந்த நகரம் மாதிரிதான் இருக்கிறது.

‘ட்யூன்’ மிச்சத்தை ஜோடரோவ்ஸ்கியும் இவரும் வீணாக்கவில்லை. 1980 முதல் 1988 வரை ஆறு புத்தகங்களாக ‘இன்கால்’ ஆனது. ஜான் டிஃபூல் என்ற மூன்றாந்தரத் துப்பறிவாளனை முதல் பக்கத்திலேயே உயரத்திலிருந்து கீழே தள்ளிவிடுகிறார்கள். ஆறு புத்தகம் பிரபஞ்சத்தைக் காப்பாற்றி, கடவுளையே பார்த்துவிட்டு வந்தால், கடைசிப் பக்கத்தில் மறுபடி அதே இடத்திலிருந்து விழுகிறான். எறும்பு பட்டையைச் சுற்றி வந்துவிட்டது. இதையும் முடிவு என்று எண்ணி வாங்கிப் படித்தார்கள்.

1997-ல் லூக் பெஸ்ஸோன் ‘ஃபிஃப்த் எலிமென்ட்’ எடுத்தார். வடிவமைப்புக்கு மோபியஸையும் அந்த ஓவியப்பள்ளி நண்பன் மெஸியேரையும் வைத்துக்கொண்டார். பறக்கும் டாக்ஸி மெஸியேருடையது. படம் வந்த பிறகு, இது எங்கள் ‘இன்கால்’ அல்லவா என்று மோபியஸ் தரப்பு கோர்ட்டுக்குப் போனது. திருட்டு நடந்த வீட்டில் நீங்களும்தானே கூலி வாங்கிக்கொண்டு வேலை பார்த்தீர்கள் என்று யாருக்கும் கேட்கத் தோன்றாதா? 2004-ல் வழக்கு தோற்றது.

ஆன்மிகத்தையும் சொல்லிவிட வேண்டும். 1983-ல் வேற்றுக்கிரகவாசிகளின் வருகைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஒரு குருவின் பின்னால் குடும்பத்தோடு டஹீட்டி தீவுக்குப் போய்விட்டார். சுவிட்சர்லாந்து நபர் ஒருவரின் உபதேசப்படி, எதையும் சமைக்காமல், மோந்து பார்த்து மூக்கு சம்மதித்ததை மட்டும் தின்னும் விரதமும் பிடித்துக்கொண்டது. அந்தச் சமயத்தில்தான் சிட்ரொயென் கார் கம்பெனி விளம்பரத்துக்கு ஒரு சின்னக் கதை கேட்டது. ஏதோ ஒரு கிரகத்தில் இரண்டு ரிப்பேர்க்காரர்கள் பழைய சிட்ரொயென் காரில் போகிறார்கள் என்று வரைந்தார். கம்பெனி காசு கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. மோபியஸ் நிறுத்தவில்லை. ஆணா பெண்ணா என்று தெரியாத அந்த இரண்டு பேரும் செயற்கை உணவு தீர்ந்துபோய் மரத்துப் பழத்தைத் தின்ன, ஒருவர் ஆணாகவும் மற்றவர் பெண்ணாகவும் மாறுகிறார்கள். கார் விளம்பரம் ‘எதேனா உலகம்’ என்று ஆதாம் ஏவாள் புராணமாகி, புத்தகம் புத்தகமாக நீண்டது. அதில் கார் இப்போது எங்கே நிற்கிறது என்று சிட்ரொயெனுக்கும் தெரியாது.

டஹீட்டியிலிருந்து கலிஃபோர்னியா. அங்கே காமிக்ஸ் எழுத்தாளர் ஸ்டான் லீயோடு சேர்ந்து ‘சில்வர் சர்ஃபர்’. வழுக்கைத் தலை, பேச்சு குறைவு, பலகை மேல் ஏறி வெட்டவெளியில் பறக்கிறவன். ஆர்ஸாக்கின் ஒன்றுவிட்ட தம்பிதான். அமெரிக்கா அதற்கு ஐஸ்னர் விருது கொடுத்தது. ஜப்பானில் கார்ட்டூன் பட இயக்குநர் மியாசாகி ஆர்ஸாக்கைப் பார்த்த தாக்கத்தில் ‘நவுசிகா’ படம் செய்ய, மோபியஸ் அதைப் பார்த்துவிட்டு மகளுக்கு அந்தப் பெயரையே வைத்தார். கடன் தீர்ந்தது.

வயதானபோது கஞ்சாவை விட முடிவெடுத்தார். விடுகிறவர்கள் கோயிலுக்குப் போவார்கள், பாக்கு மெல்லுவார்கள். இவர் ‘பி பாலைவனம்’ என்று ஒரு நிலத்தை வரைந்து அதற்குள் குடிபோனார். பிரெஞ்சில் அதை வேகமாகச் சொன்னால் ‘களை பிடுங்கியது’ என்று காதில் விழும். அங்கே கஞ்சாவுக்கும் புல் என்றுதான் பேர். முதலில் வார்த்தையில்லாத ‘40 நாட்கள்’, அப்புறம் ‘இன்சைட் மோபியஸ்’ என்று ஆறு புத்தகம். இளமைக்கால ஜிரோ, ஆர்ஸாக், மேஜர் க்ரூபெர், ஒசாமா பின் லேடன் எல்லாரும் ஒவ்வொருவராக மணலில் நடந்து வந்து கிழவரைக் கேள்வி கேட்கிறார்கள். நம் கேப்டன் டைகரும் வருகிறார். வராமல் எப்படி? பாதி வழியில் நிற்கவைத்துவிட்டு மெக்சிகோ போனதற்குக் கணக்குத் தீர்க்க வேண்டாமா.

தன் சொந்தக் கதையில் ஆர்ஸாக் 1975-லிருந்து வாயைத் திறக்கவில்லை. 35 வருடம் கழித்து, 2010-ல் வந்த புத்தகத்தில் அவனைப் பேச வைத்தார். அந்தக் கதையும் அந்தப் புத்தகத்தோடு முடியவில்லை. அடுத்த பாகம் வருவதற்குள், 2012 மார்ச் 10 அன்று, ஜிரோவும் மோபியஸும் ஒரே நாளில் காலமானார்கள்.