புகைத்திணை: பெல்லட் அடுப்பின் மூச்சுத்திணறல் குறித்து ஓர் ஆய்வுரை

சங்க இலக்கியத்தில் ஊடலுக்குக் காரணம் பரத்தை. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெய்ன், வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில், பெல்லட் அடுப்பு. இந்த உண்மையை இலக்கண நூலார் பதிவு செய்யாமல் விட்டது அவர்கள் குற்றமன்று. அவர்கள் காலத்தில் மரத்தூளை அழுத்திப் பெல்லட் என்னும் மணிகளாக்கி மூட்டை கட்டி விற்கும் வழக்கம் இல்லை. அக்குறையை நிரப்பவே இச்சிற்றாய்வு எழுந்தது.

புகைத்திணைக்கு நிலம், வீட்டின் நிலவறையும் கூடத்து மூலையும். பெரும்பொழுது முன்பனியும் பின்பனியும். சிறுபொழுது யாமம். பகலில் அணையும் அடுப்புகளும் உண்டெனினும் அவை சிறப்பில. கருப்பொருளாவன: 40 பவுண்டு மூட்டை, சாம்பல் உறிஞ்சும் வேக்குவம், கரி பிடித்த கண்ணாடி, எவரும் பிரிக்காத கையேடு. உரிப்பொருள் ஊடலும் ஊடல் நிமித்தமும் என்பது மேலே பெறப்பட்டது.

இவ்வடுப்பை 1980களின் முற்பகுதியில் வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஜெர்ரி விட்ஃபீல்ட். விமானப் பொறியாளர். இது தற்செயல் என்று கொள்வார் இவ்வடுப்பின் இயல்பு அறியார். தொட்டியில் கொட்டிய பெல்லட்டை ஆகர் என்னும் திருகு சிறிது சிறிதாக எரிகிண்ணத்தில் தள்ளுகிறது. புகை வெளியேறும் பக்கத்தில் ஒரு விசிறி சுழன்று புகையை வெளியே தள்ள, உள்ளே அழுத்தம் குறைகிறது. அதை ஈடுகட்டக் கிண்ணத்துத் துளைகள் வழியே புதுக்காற்று ஓடிவருகிறது. அதாவது இது ஊதி எரியும் அடுப்பன்று, உறிஞ்சி எரியும் அடுப்பு. ஊதாங்குழல் மரபினர்க்கு இது சற்றே தலைகீழ்.

எவ்வளவு உறிஞ்சும்? 1988இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விறகடுப்புகளுக்கு விதி வகுத்தபோது, ஒரு பங்கு எரிபொருளுக்கு எடையில் 35 பங்குக்கு மேல் காற்று வாங்கும் அடுப்புகளுக்கு விலக்கு அளித்தது. பெல்லட் அடுப்புகள் பல அந்த வாசலில் நுழைந்தன. 2015இல் வாசலை அடைத்துவிட்டார்கள். மரம் எரிந்து தீர ஏறத்தாழ 6 பங்கு காற்று போதும் என்றிருக்க, 35 பங்கு என்றால் அது சாப்பிடுவதே காற்றைத்தான். பெல்லட்டை ஊறுகாயாகத் தொட்டுக்கொள்கிறது.

அந்தச் சாப்பாடு குறையும்போது தோன்றும் மெய்ப்பாடுகள் இனி. நலமுள்ள சுடர் குட்டையாய், வெளிர் மஞ்சளாய், துடிப்பாய் நிற்கும். நலிந்த சுடர் நெடிதாய், அடர்ந்த செம்மஞ்சளாய், நுனியில் கரியோடு சோம்பி அசையும். கண்ணாடி ஒரே நாளில் கறுக்கும். கிண்ணத்தில் பெல்லட் எரியாமல் குவிந்து, அடியில் சாம்பல் உருகிக் கட்டி தட்டும்.

காரணம் சொல்வதில் மூன்று கட்சியினர் உளர். பெல்லட்வாதி, "இந்த வருஷ மூட்டை சரியில்லை" என்பான். எந்த வருஷமும் அதையே சொல்வான். தூள் மிகுந்த மூட்டையும் ஈரம் கோத்த மூட்டையும் உண்டாதலால் அவன் கூற்று முழுப்பொய் ஆகாது. பலகைவாதி கட்டுப்பாட்டுப் பலகையைக் குற்றம் சாட்டிப் புதிதொன்றை வரவழைப்பான். அதை மாட்டிய பின்னும் சுடர் சோம்பி அசைவதைக் கண்டு தத்துவத்தில் இறங்குவான். மூன்றாமவன் சாம்பல்வாதி. சிறுபான்மையினன், முழங்கை வரை கறுத்தவன், நம் சார்பு அவனுக்கே.

சாம்பலே காற்றின் வழியை அடைக்கிறது என்னும் அவன் தரப்பு வாதம் கணக்கால் நிறுவப்படும். ஒரு டன் என்பது 50 மூட்டை, 2,000 பவுண்டு. நல்ல பெல்லட்டில் சாம்பல் நூற்றுக்கு ஒன்று எனக் கொண்டாலும் 20 பவுண்டு. தட்டில் விழுந்தது போக மீதி எங்கே? "கண்ணாடி துடைத்தேன், தட்டைக் கொட்டினேன், அடுப்பு சுத்தம்" என்னும் தலைவன் கூற்று இவ்வினாவின் முன் நில்லாது. பின்சுவர்ப் பலகையை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினால் உள்ளே சரசரவென்று உதிர்வது கேட்கும். அங்கே ஒளிந்திருக்கிறது. விசிறி இதழ்களில் அப்பியிருக்கிறது. வெளிக்குழாய் டீ வடிவில் திரும்பும் இடத்தில், மூடியைத் திறந்தால் காலணி மேல் கொட்டும் அளவுக்கு இருக்கிறது.

காற்று கிண்ணத்தின் வழி வராமல் கதவோரம் புகுகிறதா என்று பார்க்கும் கதவுச் சோதனை எளிது. ஆறிய அடுப்பின் கதவிடுக்கில் ஒரு டாலர் நோட்டை வைத்து மூடி இழுக்க வேண்டும். பிடித்துக்கொண்டால் ஓரத்துக் கயிறு நலம். வழுக்கி வந்தால் மாற்றவேண்டும். 100 டாலர் நோட்டை வைப்பதால் முடிவு மாறாது.

புகை வெளியேறும் குழாயின் நீளத்துக்கும் ஒரு யாப்பு உண்டு. கையேடுகள் பல, நேர்நிற்கும் ஓர் அடிக்கு அரை, படுத்த அடிக்கு ஒன்று, செங்கோண வளைவுக்கு ஐந்து என மதிப்பிட்டு, கூட்டுத்தொகை 15ஐத் தாண்டினால் 3 அங்குலக் குழாயை விட்டு 4 அங்குலத்துக்குப் போகச் சொல்கின்றன. மூன்று வளைவு வைத்தவன் அடுப்பு எரியுமுன்பே எல்லையைத் தொட்டுவிட்டான்.

இனித் தலைவி கூற்று. "நான் அடுக்களையில் எக்ஸாஸ்ட் போட்டால் உங்கள் அடுப்புக்கு என்ன?" நியாயமான கேள்வி, விடையோ அவளுக்குச் சாதகமன்று. இடுக்கெல்லாம் அடைத்த வீட்டில் அடுக்களை விசிறியும் துணி உலர்த்தியும் காற்றை வெளியே இறைக்க, பெல்லட் அடுப்புக்கு வாங்கக் காற்று மிஞ்சாது. பக்கத்துச் சன்னலைச் சற்றே திறந்து பார்க்கலாம். சுடர் தெளிந்தால் வெளிக்காற்றுக் குழாய் ஒன்று தனியே வேண்டும் என்பது முடிபு.

விளையாட்டின்றிச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. உள்ளே இழுப்பு இல்லையென்றால் ஆகரை நிறுத்த ஒரு சிறு அழுத்த சுவிட்ச், மெல்லிய ரப்பர் குழலோடு இருக்கிறது. அக்குழலின் வாயிலும் சாம்பல் அடைக்கும். அதைக் குத்தி எடுக்கலாம். சுவிட்சையே ஒயர் போட்டுத் தாண்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கடைசி மருந்து இலையூதி. அடுப்பு முழுக்க ஆறி, கங்கு ஒன்றுமில்லை எனத் தெளிந்தபின், வெளிச்சுவரில் குழாய் முனையோடு இலையூதியின் உறிஞ்சும் வாயைப் பொருத்தி ஓட்ட, ஒரு பருவத்துச் சாம்பல் முழுதும் சில நிமிடத்தில் கருமேகமாய் எழும். பின் அது எங்காவது படிய வேண்டும் அல்லவா? காற்றின் திசை பாராமல் ஓட்டினால், அண்டை வீட்டாரின் வெள்ளைக் காரில் படியும். அதன்மேல் நிகழும் அண்டை வீட்டார் கூற்று அகத்தில் அடங்காது. அதைப் புறத்திணையில், வெட்சியில் தொடங்கி ஆராய வேண்டும்.