சுட்டுவிரல் சித்தாந்தம்

பாரிஸ் நகரத்து ரொட்டிக்கடையொன்றில், கண்ணாடிப் பேழைக்கு இப்பால் நிற்கும் வாடிக்கையாளர் அப்பால் அடுக்கியிருக்கும் பண்டங்களுள் ஒன்றை விரலால் சுட்டுகையில், அவ்விரலோடு கூடவே வாயினின்றும் புறப்பட வேண்டிய சொல் யாது என்னும் வினா, பார்வைக்கு அற்பமாகத் தோன்றினும், வியாகரணம், சரித்திரம், வர்த்தகம் ஆகிய மூன்று சாஸ்திரங்களையும் தொட்டு நிற்பதாகும். இலக்கணிகள் இதுகாறும் சொல்லை மாத்திரம் ஆராய்ந்தார்களேயன்றி விரலை ஆராய்ந்தாரில்லை. அக்குறையை நிவர்த்திப்பதே நம் நோக்கம்.

பொருள் அண்மையிலுள்ளதா, சேய்மையிலுள்ளதா என்று அறிவிப்பதே சுட்டின் தர்மம் என்று நாம் எண்ணுவது இயல்பு. தொல்காப்பியர் சுட்டென வகுத்த அ, இ, உ என்னும் மூன்றனுள், மற்றையோர் கைவிட்ட உகரத்தையுங்கூட யாழ்ப்பாணத்தார் 'உது', 'உவன்' என்று இன்றளவும் நாவில் வைத்துக் காத்து வருகிறார்கள். பிரெஞ்சு மொழியோ தூரத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. பொருளின் பெயர் ஆணா, பெண்ணா, ஆணாயின் உயிரொலியில் தொடங்குகிறதா என்பவையே அதன் விசாரணை. ஆண்பாலாகிய குருவாஸானுக்கு 'ஸ'. ஆண்பாலேயாயினும் உயிர் முதலாகிய எக்லேருக்கு 'ஸெத்'. பெண்பாலாகிய தார்த்துக்கும் 'ஸெத்'தே, எனினும் எழுத்துக்கூட்டல் வேறு. ஒரே மாவில் பிசைந்து ஒரே அடுப்பில் வெந்த நீண்ட ரொட்டியானது, 'பேன்' என்னும் பொதுப்பெயர் பெறுங்கால் ஆணாகவும், 'பகெத்' என்னும் சிறப்புப்பெயர் பெறுங்கால் பெண்ணாகவும் மாறிவிடுதலின், சுட்டப்படுவது பண்டமன்று, அதன் பெயரே என்பது பெறப்படும். விரலுக்கு இது தெரியாது.

ஹகரத்தின் வரலாறு இன்னும் விசித்திரமானது. பிரெஞ்சுக்காரர் அதனை எழுதுவாரேயன்றி உச்சரியார். ஆயினும் உச்சரியாத அவ்வெழுத்தில் இரண்டு ஜாதிகள் உண்டு. மனிதனைக் குறிக்கும் 'ஓம்' என்பதன் தலையில் அது இல்லாததாகப் பாவிக்கப்பட, முன்னே 'ஸெத்' வரும். வீரனைக் குறிக்கும் 'ஏரோ' என்பதன் தலையில் அது இருப்பதாகப் பாவிக்கப்பட, முன்னே 'ஸ' வரும். பன்மையில் ஒலி இணைந்தால் வீரர்கள் யாவரும் காதில் 'ஸேரோ' என்னும் பூஜ்யங்களாக விழுந்துவிடுவர் என்னும் அபாயத்தை, வோழ்லா என்னும் அறிஞர் 1647-ல் வெளியிட்ட தம் நூலிலேயே எடுத்துக்காட்டியிருக்கிறார். வீராங்கனைகளுக்கு இந்தச் சலுகை அளிக்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இம்மொழி பிறவியிலேயே தூரமறியாததன்று. 'இதோ பார்' என்னும் பொருள்பட்ட லத்தீன் சொல்லை முன்னே பூண்டு பிறந்த 'ஸிஸ்த்' அண்மைக்கும், 'ஸில்' சேய்மைக்கும் என்று பழைய பிரெஞ்சில் முறையாகப் பாகம் பிரிந்திருந்தன. காலம் செல்லச் செல்ல, 17ஆம் நூற்றாண்டு வாக்கில், முதற்குடும்பம் பெயருக்கு முன்னே நிற்கும் அடைமொழியாகவும், இரண்டாங்குடும்பம் பெயருக்குப் பதிலாக நிற்கும் 'ஸெலுய்' முதலிய சுட்டுப்பெயராகவும் தொழில் மாறிக்கொள்ள, தூரம் என்னும் பூர்வீகச் சொத்து இரு வீட்டாருக்கும் இல்லாதொழிந்தது.

'ஸி', 'லா' என்னும் ஒட்டுக்களைப் பின்னே சேர்த்தால் இங்கும் அங்கும் விளங்குமே என்று ஒருவர் பூர்வபட்சம் பேசலாம். புத்தகத்தில் அது உண்மைதான். இருவரைப் பற்றி எழுதி, பின்னவரை 'ஸெலுய்-ஸி' என்றும் முன்னவரை 'ஸெலுய்-லா' என்றும் குறிப்பது அங்கே இன்றும் வழக்கு. கடையிலோ 'லா' 'ஸி'யை ஏறக்குறைய விழுங்கிவிட்டது. கைக்கெட்டும் பண்டத்தையும் 'ஸெலுய்-லா' என்கிறார்கள். 'நான் இங்கே இருக்கிறேன்' என்பதற்கே 'லா' போட்டுப் பேசும் ஜனங்கள் வேறு என்ன செய்வார்கள்? அன்றியும் இந்த 'ஸெலுய்' கொழுகொம்பில்லாமல் நிற்கமாட்டாத கொடி. பின்னே 'லா'வோ, உடைமை காட்டும் 'த'வோ, 'கீ' என்னும் தொடர்வாக்கியமோ தாங்காவிடில் சாய்ந்துவிடும்.

பாலறியாதார்க்குப் புகலிடம் 'ஸா' ஒன்றே. எப்பண்டத்தையும் அதனால் சுட்டலாம். மனிதரைச் சுட்டினால் மாத்திரம் பெரும்பாலும் அவமரியாதையாகும். (ஃபிராய்டு 1923-ல் நூல் எழுதி விளக்கிய, மனத்தின் அடக்கமற்ற அடித்தளத்துக்குப் பிரெஞ்சுக்காரர் இச்சொல்லையே பெயராக வைத்திருப்பது பொருத்தமே.)

'ஸா' என்பது கௌரவக் குறைவென்று கருதுவோர்க்கு மற்றொரு மார்க்கம் உண்டு. பன்மையில் ஆண், பெண், உயிர்முதல் என்னும் பேதமெல்லாம் ஒழிந்து 'ஸே' என்னும் ஒரே சொல் எல்லாவற்றுக்கும் பொதுவாய் நிற்றலின், ஒன்று வாங்கப் போனவர் இரண்டாக வாங்கினால் எவ்விதப் பிழைக்கும் இடமில்லை. பிரெஞ்சு இலக்கணத்தின் இப்பகுதியை வகுத்தவர் மொழிக்கு விதி வகுக்கும் அக்காதெமியாரா, ரொட்டிக்கடைக்காரரா என்னும் சந்தேகம் எமக்கு இங்கேதான் உதித்தது.

எனவே பாரிஸ் செல்லும் வாசகர், விரலை நன்கு நீட்டி 'ஸா' என்று சொல்லியோ, இரண்டிரண்டாக வாங்கியோ கௌரவமாகப் பசியாறலாம். ஆனால் கடைக்குள் நுழைந்ததும் 'போன்ழூர்' என்று வந்தனம் கூற மறவாதிருப்பாராக, அதைச் சொல்லாதவருக்கு அந்நாட்டில் எந்தச் சுட்டும் பலிப்பதில்லை.