கிச்சாப் போத்தலும் சீனிக் கருவியும்

நான் பிறந்தது பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். 1960களில் எங்கள் லயத்துக்கு வைத்தியம் என்றால் டிரசர் ஐயாதான். காய்ச்சலுக்கும் இருமலுக்கும் வயிற்று வலிக்கும் அவரிடம் ஒரே ரோஸ் தண்ணி. போத்தலை நாம்தான் கொண்டுபோக வேண்டும். அம்மா கிச்சாப் போத்தலைக் கழுவித் தருவார். எத்தனை கழுவினாலும் மருந்தில் பாதி கிச்சாப் வாசம்தான்.

பாட்டி காலத்தில் இன்னும் கெடுபிடி. காலைப் பெரட்டில் வரிசையாக நிற்க வைத்து மலேரியாவுக்குக் கொய்னா ஊற்றுவார்களாம். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்ட வேண்டுமாம். 1901இல் டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளானில் சதுப்பு நீரை வடியவைத்து மலேரியாவை அடக்கிக் காட்டியதும், துரைமார்களுக்குக் கணக்கு புரிந்தது: நடுக்கத்தில் படுத்தவன் பால் வெட்டமாட்டான். தோட்டத்துக்கு ஆஸ்பத்திரி வேண்டும் என்று சட்டமும் இருந்தது. யாரும் அதைத் தர்மம் என்று சொல்லவில்லை, படமும் பிடிக்கவில்லை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. 2007இல் எங்கள் ஊர் பெயர் மாறிப் பெஸ்தாரி ஜெயா ஆனது. அந்த ஆண்டு முதல்தான், பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகள் தாங்கள் செய்யும் சமூகப் பொறுப்பை ஆண்டறிக்கையில் எழுத வேண்டும் என்ற விதியும் வந்தது. ஒன்றும் செய்யவில்லையா? 'ஒன்றுமில்லை' என்று எழுதினால் அப்போது போதுமாக இருந்தது.

எங்கள் கோயில் மண்டபத்துக்கு வந்த மருந்துக் கம்பெனி அப்படி எழுதுகிற ரகமில்லை. பேனர், டீசட்டை, டத்தோ, எல்லாம் வந்தன. விரலில் குத்திச் சீனி பார்த்து, ஆளுக்கொரு கருவியும் கொடுத்தார்கள். கையில் கருவியோடு சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அத்தை மட்டும் சிரிக்காமல் கேட்டார்:

"தம்பி, உள்ளே ஸ்ட்ரிப் எத்தனை?"

"பத்து இருக்கு ஆன்ட்டி. அப்புறம் பார்மசியில வாங்கிக்கலாம்."

பதினோராம் நாள் கருவி முறுக்கு டின்னுக்குள் போனது. அத்தையின் சீனி மாத்திரை இப்போதும் அரசாங்கக் கிளினிக்கில்தான். அங்கே பேனர் கிடையாது.

எல்லாக் கொடையும் இப்படித்தான் என்று சொன்னால் பாவம். ஆப்பிரிக்க ஆற்றோரங்களில் கண்ணைப் பறித்த நோய்க்கு, 1987இல் மெர்க் கம்பெனி ஐவர்மெக்டின் மாத்திரையை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு, எத்தனை காலம் வேண்டுமோ அத்தனை காலம். அதன் பெருமை மாத்திரையில் பாதி, அந்த இரண்டாவது வாக்கில் பாதி.

இதை அத்தையிடம் விளக்கிச் சொன்னேன். மண்டபத்துப் பேனரை விரித்து அதன்மேல் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "நம்ம டிரசர் தண்ணியும் அப்படித்தான்டா. போத்தல் காலியானா, கழுவி எடுத்துட்டுப் போனா மறுபடி ஊத்துவாரு."