போதை குறைந்தால் குடி கெடும்

1968 ஜூலை முதல் தேதி பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு பேரும் "இனி நமக்குள் சுங்கவரியே கிடையாது" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிடித்த கையை விடுவதற்குள் ஆளாளுக்கு உள்ளூர்ச் சட்டப் புத்தகத்தைத் தூசிதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வரி போட்டால்தானே தப்பு? "உங்க சரக்கு எங்க தரத்துக்கு இல்லையே" என்று உதட்டைப் பிதுக்கினால் யார் கேட்பது?

பிதுக்கியதில் முதல் பரிசு ஜெர்மனிக்கு.

பிரான்சில் திஜோன் என்று ஓர் ஊர். அங்கே பிளாக்கரண்ட் பழத்தில் 'கஸ்ஸிஸ்' என்று இனிப்பு மது செய்வார்கள். அதை வெள்ளை ஒயினில் கலந்து, வந்த விருந்தாளிக்கெல்லாம் ஊற்றியே பிரபலமாக்கியவர் மேயர் ஃபெலிக்ஸ் கிர். மனிதர் பாதிரியாரும்கூட, ஆகவே ஆசீர்வதிக்கப்பட்ட சரக்கு. அந்தக் கலவைக்கு இன்றும் 'கிர்' என்றுதான் பெயர்.

கொலோன் நகரின் ரெவே நிறுவனம் 1976-ல் கஸ்ஸிஸை இறக்குமதி செய்ய அனுமதி கேட்டது. ஜெர்மன் அரசின் மதுபான ஏகபோக நிர்வாகம் அனுப்பிய பதில், அரசாங்க இலக்கியத்தில் ஒரு சிகரம். இறக்குமதிக்கு அனுமதியே தேவையில்லையாம். தாராளமாகக் கொண்டுவரலாமாம். விற்கத்தான் கூடாதாம்! பழ மதுவில் குறைந்தது 25 சதவீதம் ஆல்கஹால் வேண்டும் என்பது ஜெர்மன் சட்டம். கஸ்ஸிஸில் இருந்ததோ 15 முதல் 20.

வழக்கு ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே ஜெர்மனி மக்கள் நலனைக் கையில் எடுத்தது. லேசான மது என்றால் ஜனங்கள் சுலபமாகக் குடித்துப் பழகிவிடுவார்களாம். அதனால் கடுஞ்சரக்குதான் உடம்புக்குப் பாதுகாப்பாம். நீதிபதிகள் சிரித்தார்களா என்பது தீர்ப்பில் இல்லை. கடையில் லேசான மது ஏற்கெனவே ஏராளம் கிடைக்கிறது, கடுஞ்சரக்கையும் பெரும்பாலும் எதையாவது கலந்துதானே குடிக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்கள். 1979 பிப்ரவரி 20 அன்று தீர்ப்பு: ஒரு நாட்டில் முறைப்படி தயாரித்து விற்கும் பொருளை, தக்க காரணமில்லாமல் இன்னொரு நாடு தடுக்கக் கூடாது. எல்லாப் பொருளுக்கும் ஒரே தரம் வகுக்கிறேன் என்று வருடக்கணக்கில் கூட்டம் போட்டு வடை தின்னாத குறையாக உட்கார்ந்திருந்த ஐரோப்பாவுக்கு, 'பரஸ்பர அங்கீகாரம்' என்ற குறுக்குவழி இப்படி ஒரு மது பாட்டிலிலிருந்து கிடைத்தது.

ஆனால் பிறத்தியார் சரக்கைத் தடுக்க, சொந்த ஜனங்களை அசடர்களாகக் காட்டும் வழக்கம் போகவில்லை. மார்ஜரின் கனசதுரக் கட்டியாகத்தான் வர வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் வெண்ணெய் என்று ஏமாந்துவிடுவார்கள் என்றது பெல்ஜியம். லேபிள் ஒட்டினால் படித்துக்கொள்வார்கள் என்று 1982-ல் நீதிமன்றம் பெல்ஜியர்களின் மானத்தைக் காப்பாற்றியது.

ஜெர்மனி மறுபடி வந்தது, இம்முறை பீரோடு. பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்ற 1516-ஆம் ஆண்டு பவேரியக் கட்டளையின் வாரிசுச் சட்டம் கையில். எங்கள் ஆட்கள் பீரை அண்டா அண்டாவாகக் குடிக்கிறவர்கள், வெளிநாட்டு பீரில் உள்ள சேர்மானங்களை அவர்கள் உடம்பு தாங்காது என்று வாதம். அதே சேர்மானங்களை மற்ற பானங்களில் நீங்களே அனுமதித்திருக்கிறீர்களே என்று கேட்டு, 1987-ல் நீதிமன்றம் கதவைத் திறந்துவிட்டது.

வெளிநாட்டு பீர் உள்ளே வந்தது. சட்டமும் போகவில்லை, அது இப்போது ஜெர்மன்காரர்களை மட்டும் கட்டிப்போடுகிறது. அவர்கள் அதையே லேபிளில் பெருமையாக அச்சடித்துக்கொள்கிறார்கள்.